காரின் மேனியும் காரின் பெயரும்

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தரகர்களின் நடமாட்டம் பெருகும். அக்காலத்தில் மாட்டுத் தரகர் வந்தார். இக்காலத்தில் கார்த் தரகர் வருகிறார். மாட்டுத் தரகரிடம் எமது கமக்காரர் இலேசில் ஏமாந்தவரல்லர். பல்லைப் பார்த்து வயதைக் கண்டார், சுழி பார்த்தார், நடக்கவிட்டுக் கால்களைப் பார்த்தார், ஏரில் பூட்டிப் பார்த்த பின்னரே மடியை அவிழ்த்தார். அத்தகைய கமக்காரரும், அவருடைய மகனாகிய ஆசிரியரும், மருமகனாகிய வங்கி உத்தியோகத்தரும் இன்று பல இலட்சம் ரூபாவை எண்ணிக் கொடுத்துப் பழைய கார் ஒன்றை வாங்கும்பொழுது பெயின்றின் பளபளப்பைப் பார்க்கிறார்கள்; பாட்டுப் பெட்டியைப் போட்டுக் கேட்கிறார்கள்; நல்ல நாள் பார்த்துத் தேங்காய் உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கார் சட்டப்படி யாருடையது என்று கேட்பவர் மிகச் சிலரே.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்துப் பெற்ற பணிக்கொடையில் ஒரு நிசான் சனி காரை வாங்கியிருந்தார். வாங்கி எட்டு மாதமாகியிருந்தது. ஒரு நாட் காலை கோவில் வாசலில் நிறுத்தியிருந்த அந்தக் காரை இருவர் வந்து, தம்மிடமிருந்த சாவியாலேயே திறந்து, ஓட்டிக்கொண்டு போய்விட்டனர். திருடரல்லர், லீசிங் கொம்பனி ஒன்றின் ஆட்கள். காரைப் பதிவு செய்திருந்தவர் தவணைப் பணத்தைக் கட்டாமலே மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். ஆசிரியரின் கையில் இருந்தவை மூன்று: பதிவுச் சான்றிதழின் போட்டோப் பிரதி, முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டு மற்றைய கூடுகளை வெறுமையாக விட்ட பெயர் மாற்றப் படிவம், தரகர் எழுதிக் கொடுத்த துண்டு. தரகரின் தொலைபேசி ஓய்ந்து கிடந்தது. “காசு குடுத்துத்தானே தம்பி வாங்கின நான்?” என்று அவர் எம்மைக் கேட்டார். அக்கேள்விக்கு நாம் சொல்ல வேண்டியிருந்த விடை கசப்பானது. காசு கொடுத்தார் என்பது உண்மை. வாங்கினார் என்பது உண்மையன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தொட்டு இந்நாட்டில் வழங்கும் விதி, தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு விற்க முடியாது என்பதே.

இந்த விடயத்தை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் புதிய கார் வரவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபொழுது, வரியோ வாகனத்தின் விலையையே விழுங்கும் அளவுக்கு நின்றது. இதனால் நேர்ந்தது யாது? வேறு நாடுகளில் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய கார், இங்கே குடும்பச் சொத்தாகிவிட்டது. பதினைந்து வருடம் ஓடிய மாருதியை வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கிறார்கள். அதையும் வாங்க ஆளிருக்கிறது. அரை ஏக்கர் வயலின் விலை ஒரு காருக்குப் போகும்பொழுது, வயலுக்குக் காட்டும் கவனத்தைக் காருக்கும் காட்ட வேண்டுமல்லவா?

வயல் வாங்கும்பொழுது எம்மவர் என்ன செய்கிறார்கள்? மூல உறுதியைக் கேட்கிறார்கள். காணிப் பதிவகத்தில் ஏடு பார்க்கச் சொல்கிறார்கள். ஈடு இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். எல்லைக் கல்லை நடந்து பார்க்கிறார்கள். நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் கையொப்பமிட்ட பின்னரே பணம் கைமாறுகிறது. மோட்டார் வாகனத்துக்கும் இவை யாவும் உண்டு. பதிவுச் சான்றிதழே மூல உறுதி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமே பதிவகம். சான்றிதழில் ‘முழுமையான உரிமையாளர்’ என்ற கூட்டில் ஒரு நிதிக் கொம்பனியின் பெயர் இருந்தால் அதுவே ஈடு. இல்லை, ஈட்டிலும் வலியது, ஏனெனில் தவணை முடியும் வரை சட்டத்தின் கண்ணில் கார் கொம்பனியினுடையதே. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எல்லைக் கற்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், கைமாறிய பதினான்கு நாட்களுக்குள் விற்றவரும் அறிவிக்க வேண்டும், வாங்கியவரும் தன் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும் என்று விதிக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலுள்ள சட்டம் இது. ஆயினும் எமது கிராமங்களில் நிற்கும் வாகனங்களில் எத்தனை, அவற்றை ஓட்டுபவரின் பெயரில் உள்ளன?

இதற்கு ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விற்பவர் படிவத்தில் கையொப்பம் இடுவார். வாங்குபவரின் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். அந்தப் படிவத்தோடு கார் கொழும்பிலிருந்து குருநாகலுக்கும், அங்கிருந்து வாழைச்சேனைக்கும், பின்னர் களுவாஞ்சிக்குடிக்கும் வரும். இடையில் மூவர் இலாபம் வைத்திருப்பர். ஒருவரின் பெயரும் ஏட்டில் இராது. தரகருக்கு இதில் செலவு மிச்சம். வாங்குபவருக்கோ, பின்னர் தாமும் இலேசாக விற்றுவிடலாம் என்ற நப்பாசை. கையொப்பமிட்டவர் இறந்துவிட்டால்? வெளிநாடு போய்விட்டால்? கையொப்பம் பொருந்தவில்லை என்று திணைக்களம் திருப்பினால்? அரச ஊழியருக்கான சலுகைப் பெர்மிற்றில் இறக்கப்பட்டு, குறித்த காலம் கழியாமல் பெயர் மாற்றவே முடியாத வாகனமாக இருந்தால்? இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் வாங்கியவரின் கையில் எஞ்சுவது ஒரு கடதாசித் துண்டே.

விற்றவருக்கும் நிம்மதியில்லை என்பதை ஈண்டுச் சொல்லிவைக்க வேண்டும். போர்க்காலத்தில், தாம் என்றோ விற்ற வாகனம் எங்கோ பிடிபட, விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்களின் கதைகளை எம் தலைமுறையில் கேளாதவர் இல்லை. பெயர் மாற்றாத ஒரு வாகனம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரை எங்கு கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. பின்னர் 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தது. தேசிய எரிபொருள் அட்டைக்கு வாகனத்தின் சேசிஸ் இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்பட்டன. சான்றிதழைக் கண்ணாற் காணாதவர்களும், முன்னைய உரிமையாளர் ஏற்கெனவே தன் பெயரில் பதிந்துகொண்ட வாகனத்தை வைத்திருந்தவர்களும் அன்று பெற்றோல் நிலையத்தில் பட்ட அவதியை நாம் நேரிற் கண்டோம். பஞ்சம் போனதும் பாடமும் போய்விட்டது.

இன்னுமொன்று. இந்நாட்டில் ஒரு வாகனத்தின் இலக்கத் தகடு தமிழரின் தன்மானப் பிரச்சினையாக இருந்த காலம் உண்டு. 1957இல் புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறிக்க வேண்டுமென்ற விதி வந்தபொழுது, தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து நின்றது. 1958இல் அந்த எழுத்தின் மேல் தார் பூசியும், தமிழ் எழுத்தைப் பொறித்துக்கொண்டும் சிறை சென்றவர்கள் வடக்கிலும் இருந்தனர், கிழக்கிலும் இருந்தனர். ஒரே ஓர் எழுத்துக்காகச் சிறை சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தம் சொந்தக் காசில் வாங்கிய வாகனத்தின் ஏட்டில் தம் பெயரையே எழுதாமல் விடுகிறார்கள். இதை எண்ணும்பொழுது எமக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

இதிற் பொது நட்டமும் உண்டு. வருமான அனுமதிப் பத்திரக் கட்டணம் மாகாண சபைக்குரிய வருவாய். பதிவுப் பெயரும் முகவரியும் மேல் மாகாணத்தில் இருக்கும் வரை, செங்கலடியிலும் வெல்லாவெளியிலும் ஓடித் தேயும் ரயருக்கான கட்டணம் மேல் மாகாணத்தின் பெட்டிக்கே போகிறது. கிழக்கு மாகாண சபை 2017 செப்ரெம்பரில் கலைந்ததன் பின்னர் தேர்தலின்றி ஆளுநரின் கையில் ஆண்டுகள் கழிந்தன என்பது வேறு கதை. அதற்காக எமது தெருவின் காசைப் பிறருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

நிற்க. கடதாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போட்டோப் பிரதியைக் காட்டினால் மூலத்தைக் கேளுங்கள். மூலம் கொம்பனியில் இருக்கிறது என்றால் கடன் தீரவில்லை என்பதே பொருள். தீர்ந்துவிட்டது என்று வாயாற் சொல்வது போதாது, கொம்பனியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கட்டணம் செலுத்தித் திணைக்களத்தில் வாகனத்தின் விபரப் பிரதியை எடுத்து, விற்பவர் காட்டும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். விற்பவரின் அடையாள அட்டையும் சான்றிதழின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அனுமதிப் பத்திரம் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை என்று கேளுங்கள். நிலுவை உங்கள் தலையில் விழும். தயாரித்த ஆண்டையும் பதிந்த ஆண்டையும் தனித்தனியே வாசியுங்கள். தரகர் சொல்வது எப்பொழுதும் பதிந்த ஆண்டையே. தகட்டின் எழுத்தும் அதையே காட்டும். ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின் இங்கு வந்த வண்டிக்கு உண்மையான வயது அதனிலும் கூட.

இனிக் காரின் மேனி. இங்கேதான் வாவிக்கரையில் வாழும் நாம் ஏனையோரைவிடக் கூடிய கவனம் கொள்ள வேண்டும். ஒரு புறம் கடல். மறு புறம் முகத்துவாரம் வழியே கடலோடு கலக்கும் உவர் வாவி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை என நீளும் ஒடுங்கிய நிலத்தில் நிற்கும் இரும்புக்கு இரு பக்கத்திலிருந்தும் உப்புக் காற்று. வாவிக்கரையில் வண்டியை நிறுத்தி வாவி நீரையே அள்ளிக் கழுவும் கெட்ட பழக்கம் வேறு. உப்பு, துருவைத் தோற்றுவிப்பதோடு நில்லாது அதனை விரைவுபடுத்துகிறது. அதுவும் வெளியே தெரியும் தகட்டில் அன்று, காற்றோட்டமில்லாத உள்ளறைகளில். ஆதலால் கதவின் பளபளப்பு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. கதவைத் திறந்து அதன் அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். கதவுக்குக் கீழே நெடுக ஓடும் அடிச்சட்டத்தை விரல் மூட்டால் தட்டுங்கள். நல்ல தகடு ஒலிக்கும், புட்டி வைத்து அடைத்த இடம் மந்தமாக ஒலிக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியிற் சுற்றிச் சக்கர வளைவுகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, மா இருக்கிறது. (முன் பின் பம்பர்கள் பிளாஸ்ரிக்; அங்கே ஒட்டவில்லை என்று தரகரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.) டிக்கியின் விரிப்பைத் தூக்கி உபரிச் சக்கரக் குழியைப் பாருங்கள், நீர் தேங்கும் முதல் இடம் அதுவே. பின்னர் வெட்கப்படாமல் நிலத்தில் சாக்கை விரித்துக் காரின் கீழே படுத்துப் பாருங்கள். மாட்டின் வயிற்றின் கீழே குனிந்து பார்த்தவர்தானே நாம்! அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சுப் பூசியிருந்தால் அதனைப் பாதுகாப்பு என்று எண்ணற்க, மறைப்பாகவும் இருக்கலாம். திருப்புளியின் காம்பால் அழுத்திப் பாருங்கள்.

துருவினும் கொடியது வெள்ளம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் ஏறியதைக் கண்டவர்கள், உப்புநீர் புகுந்த இயந்திரம் பின்னர் என்ன பாடுபடும் என்பதையும் கண்டார்கள். 2011 ஜனவரியில் எமது மாவட்டமே வெள்ளத்துள் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் களனிப் பள்ளத்தாக்கையும் கொழும்பின் புறநகர்களையும் மலைநாட்டு நகரங்களையும் மூழ்கடித்தது. அங்கே மூழ்கிய வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்கே போய்விட்டன என்று நம்புவதற்கு நாம் ஆயத்தமாக இல்லை. மூழ்கிய காரைக் கழுவி, உலர்த்தி, ஆசன உறை மாற்றி, வாசனைத் திரவியம் தெளித்து, அந்த வெள்ளத்தைக் காணாத ஒரு தூர மாவட்டத்தில் விற்பதுதான் விற்பவனுக்கு இலாபம். ஆகையால் ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்; சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். கம்பளத்தின் கீழே கையை விடுங்கள். ஆசனத்தைத் தரையோடு பிணைக்கும் ஆணிகள் துருப்பிடித்திருந்தால், அத்தனை உயரத்துக்கு நீர் எப்படி வந்தது என்று கேளுங்கள். விளக்குக் கண்ணாடியின் உள்ளே நீராவி படிந்திருக்கிறதா? மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? ஹைபிரிட் கார்களில் இச்சோதனை இரட்டிப்பு அவசியம். அவற்றுட் பலவற்றில் விலையுயர்ந்த பெரிய பற்றரி பின் ஆசனத்தின் அடியிலோ பின்னாலோ இருப்பது. வெள்ளம் முதலில் தேடிப் போவதும் அந்த இடத்தையே.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற முதிய கார்களை ஆசைக்காக வாங்கும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் எம்மிடையே உளர். ஆசையை நாம் குறை சொல்லோம். மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் பிறந்து 1971 வரை செய்யப்பட்ட வண்டி. 1990களில் அதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலர் அறியாத பெருமை. ஆயின் அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்ச் சுழல் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் போடாதிருந்தால், அது தேய்ந்து ஒரு நாள் தெருவிலேயே சக்கரம் மடிந்துவிடும். அந்த மூட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எஞ்சினைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. அது மெக்கானிக்கின் வேலை. ஒன்று மட்டும். விற்பவர் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்ராட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், தேநீர் குடித்துவிட்டு மறுநாட் காலை வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். எஞ்சினின் குற்றம் அது குளிர்ந்திருக்கும்பொழுதே வெளிப்படும். நீலப் புகை ஒயில் எரிகிறது என்பதற்கும், சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை தண்ணீர் உள்ளே போகிறது என்பதற்கும் அடையாளம். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் திரிந்தாற்போலப் படிந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். தூர மானியை நம்ப வேண்டாம். ஓடிய மைலை மாற்றலாம், காலால் தேய்ந்த கிளச் மிதியின் இறப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டக்களப்பு நகரிலிருந்து நல்லதொரு வழி உண்டு. கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிச் சந்தடியில் மெல்ல ஊர்ந்து போனால் கிளச்சும் பிறேக்கும் பேசும். சூட்டு மானியும் தன் கதையைச் சொல்லும். ஆரையம்பதிக்கப்பால் திரும்பி 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தில் ஏறினால், நேரான தெருவில் ஒரு கணம் கையைத் தளர்த்தி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று காணலாம். முன்னர் அவ்விடத்தில் பாதையில் ஏற்றித்தான் வாகனத்தை அக்கரை சேர்த்தோம். கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வயல்வெளியின் கிரவல் தெருவில் இறங்கியதும் கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். அங்கே கீழிருந்து எழும் ஒவ்வொரு ‘டக்’ ஒலிக்கும் ஒரு விலை உண்டு. தெரிந்த மெக்கானிக் ஒருவரை, தரகரோடு உறவில்லாதவரை, நாட்கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். இலட்சக்கணக்கில் கொடுக்கத் துணிபவர் அவருக்குச் சில ஆயிரம் கொடுக்கக் கணக்குப் பார்ப்பது எமக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

எல்லாம் திருப்தியானால் உடன்படிக்கையை எழுத்தில் எழுதி, சேசிஸ், எஞ்சின் இலக்கங்களைக் குறித்து, சாட்சிகள் இருவரின் கையொப்பம் பெறுங்கள். பணத்தை வங்கி மூலம், சான்றிதழிற் பெயருள்ளவரின் கணக்குக்கே செலுத்துங்கள். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காமல் விடுவதே மலிவு.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டூரிலிருந்தும் வாகரையிலிருந்தும் இரவு பஸ் ஏறி, முந்நூறு கிலோமீற்றர் கடந்து நாரஹேன்பிட்டி வாசலில் விடியற்காலை வரிசையில் நிற்கும் கமக்காரருக்கு, ஓப்பன் பேப்பர் இலகுவாகத் தோன்றுவது இயல்பு. தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது. எந்த வகை வாகனத்துக்கும், ஒரே நாளில், தமிழ்ப் படிவத்தில், மட்டக்களப்பிலேயே பெயர் மாற்றித் தருவதற்கு மாவட்ட அலுவலகத்துக்கு ஆளும் அதிகாரமும் கொடுப்பது பெரிய அரசியற் சலுகை எதுவுமன்று. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இதனைக் கேட்டு, விடையை எழுத்திற் பெற வேண்டும்.

ஆசிரியரின் விடயம் இன்னும் முடியவில்லை. தரகர் மீது மோசடி முறைப்பாடு பொலிஸில் பதிவாகியிருக்கிறது. நிலுவைத் தவணையை அவரே கட்டிக் காரை மீட்க இடந்தருமாறு கொம்பனியோடு பேசுகிறோம். அதற்கும் பதிவுப் பெயருக்குரியவரின் கையொப்பம் வேண்டும் என்கிறார்கள். குவைத்தில் அவருடைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.